அப்பாவுக்குப் பெருங்குடல் கேன்சர், 4-ஆம் நிலை. இனி எவ்வளவு காலம் என்று யாரிடம் கேட்பது?

அரைத்தூக்கம் (தொடங்கியவர்)

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு வயது 61. ஆறேழு மாதமாகவே மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று அவரே முடிவு செய்து, களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனபோதுதான் ஹீமோகுளோபின் 7.8 என்று தெரிந்தது. அப்புறம் எல்லாம் மடமடவென்று நடந்தது. கொலனோஸ்கோப்பி, பயாப்ஸி, சி.டி. ஸ்கேன். பெருங்குடலின் இடது பக்கம், கீழ்ப்பகுதியில் கட்டி. கல்லீரலில் மூன்று இடத்தில் பரவியிருக்கிறது, பெரியது 4.2 செ.மீ. சி.இ.ஏ. (ரத்தத்தில் பார்க்கும் கேன்சர் குறியீடு) 84.

டாக்டர், "நாலாவது ஸ்டேஜ். முதலில் கீமோ கொடுப்போம், அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்த "அப்புறம் பார்க்கலாம்" எனக்குக் கைவிரித்துவிட்டது போலத்தான் கேட்டது. நேற்று ராத்திரி தேடிப் படித்ததில், இந்த நிலையில் ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் 14 சதவீதம் என்று போட்டிருந்தது. அப்படியானால் மீதி 86 பேர்? கட்டி எங்கே என்று தெரிகிறது, எவ்வளவு பெரிசு என்று தெரிகிறது, ஏன் உடனே வெட்டி எடுக்கக் கூடாது?

அப்பாவிடம் இன்னும் "குடலில் புண்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஏழாம்வருஷம்

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எண்ணைப் பார்க்காதே. பகலில் பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும், பொய் சொல்லவில்லை.

எனக்கு 2018-இல் கண்டுபிடித்தார்கள். 4-ஆம் நிலை, கல்லீரலில் இரண்டு. கீமோ, குடல் அறுவை, கல்லீரல் அறுவை, மறுபடி கீமோ. 2021-இல் நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி வந்தது, அதை ஊசி வழியாகச் சுட்டு அழித்தார்கள். அதற்கப்புறம் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. என்னோடு அதே வார்டில் உட்கார்ந்து கீமோ ஏற்றிக்கொண்ட நாலு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்.

கணக்குப்பிள்ளை

அந்த 14 பற்றி நான் சொல்கிறேன், இந்த வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது (மருத்துவம் இல்லை, புள்ளியியல்).

அது பெரும்பாலும் அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து எடுத்த எண். குடலைத் தாண்டாத நோய் என்றால் 90 சதவீதத்துக்கு மேல், பக்கத்து நெறிக்கட்டிகளுக்குப் போயிருந்தால் 70-க்குச் சற்று மேல், தூரத்து உறுப்புக்குப் பரவியிருந்தால் 13, 14. எண் சரிதான். ஆனால் அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கீமோவே தாங்க முடியாத 88 வயதுக்காரர் இருக்கிறார், கண்டுபிடித்த மறு வாரமே இறந்தவர் இருக்கிறார், சிகிச்சை வேண்டாம் என்று வீட்டுக்குப் போனவர் இருக்கிறார். இவர்களோடு 45 வயதில் கல்லீரலில் ஒரே ஒரு புள்ளியோடு வந்து அறுவை செய்துகொண்டவரும் இருக்கிறார். எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டி எடை போட்டால் வருவதுதான் 14. அதோடு, ஐந்து வருட முடிவு தெரிய ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் இல்லையா? ஆகவே எப்போது பார்த்தாலும் அது பழைய நோயாளிகளின், பழைய மருந்துகளின் கணக்கு.

இன்னொரு எண்ணும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும், "இடைநிலை ஆயுள் 30 மாதம்" என்பது மாதிரி. மருந்துச் சோதனைகளில் சேர்ந்தவர்களுக்கு இப்போது ஏறக்குறைய அப்படித்தான் வருகிறது. இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறைகள் வருவதற்கு முன்னால், ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்து ஒன்றை மட்டும் கொடுத்த காலத்தில் அது ஒரு வருடத்தை ஒட்டி இருந்தது. இடைநிலை என்றால் என்ன? நூறு பேரை இறந்த வரிசைப்படி நிறுத்தினால் 50-ஆவது ஆள் நிற்கும் இடம், அவ்வளவுதான். அவருக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் 0-வுக்கும் 30-க்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்பார்கள். பின்னால் நிற்பவர்களின் வரிசைக்கு அப்படி எல்லை கிடையாது, அது நீண்டு நீண்டு போகும், அதன் கடைசியில் பத்து வருடம் கடந்தவர்களும் உண்டு. டாக்டர் 30 மாதம் என்று சொன்னால் அதை நாள் குறித்துக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்துச் சோதனைகளில் நடமாட்டம் நன்றாக இருப்பவர்களைத்தான் பெரும்பாலும் சேர்ப்பார்கள், அதனால் அந்த எண்கள் நிஜத்தைவிடக் கொஞ்சம் அழகாகத் தெரியும். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று எண் சொல்லாது.

சலைன்ஸ்டாண்ட்

கீமோ டே-கேரில் நர்ஸாக 15 வருடம். மேலே அண்ணன் சொன்ன மூட்டையைக் கொஞ்சம் பிரிக்கிறேன்.

4-ஆம் நிலை என்பது ஒரே வியாதி மாதிரி பேசுகிறோம், ஆனால் எங்கள் கண்ணுக்கு அது நாலைந்து வியாதி. கல்லீரலில் மட்டும் எண்ணக்கூடிய அளவில் இருப்பது ஒன்று. கல்லீரல், நுரையீரல் இரண்டிலும் இறைந்து கிடப்பது இன்னொன்று. வயிற்றின் உள்ளுறையில் மணல் தூவிய மாதிரி பரவுவது முற்றிலும் வேறு, அதுதான் பொதுவாக மோசமானது. குடலிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலும் போர்ட்டல் நாளம் வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது, அதனால் வடிகட்டியில் கசடு தங்குவது போல முதலில் அங்கே தங்குகிறது. கல்லீரலோடு நின்றிருந்தால், அதை வெட்டி எடுக்க முடிந்தால், பரவிய பிறகும் குணமாக வாய்ப்பிருக்கிற வெகுசில கேன்சர்களில் இது ஒன்று. ஆரோக்கியமான கல்லீரலில் கால்பங்கு, முப்பது சதவீதம் மிச்சம் இருந்தாலே போதும், சில வாரங்களில் அது வளர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

ஏன் உடனே வெட்டவில்லை என்று கேட்டீர்கள். குடல் அடைத்துக்கொள்ளவில்லை, நிற்காமல் ரத்தம் கொட்டவில்லை என்றால் பல இடங்களில் கீமோவைத்தான் முதலில் வைப்பார்கள். பெரிய அறுவை செய்தால் உடம்பு தேற நாலைந்து வாரம் ஆகும், அந்த நாலைந்து வாரமும் கல்லீரலில் இருப்பது சும்மா இருக்காது. கீமோ ரத்தத்தோடு ஓடுவதால் ஸ்கேனில் தெரிவதையும் தெரியாததையும் சேர்த்து அடிக்கும். அப்புறம் இன்னொரு காரணம், இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: இந்தக் கட்டி எப்படிப்பட்ட குணமுள்ளது என்று கீமோவில் தெரிந்துவிடும். மருந்துக்குச் சுருங்கினால் கத்தி வைப்பதில் பலன் உண்டு. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே புதிதாக முளைத்தால், வெட்டியிருந்தாலும் அது வேறிடத்தில் வந்திருக்கும்.

ஆகவே "அப்புறம் பார்க்கலாம்" என்பதற்குப் பல நேரம் "சுருங்கினால் ஆபரேஷன்" என்றுதான் அர்த்தம். அடுத்த முறை நேராகக் கேளுங்கள்: "இது வெட்டி எடுக்கக் கூடியதா, இல்லை சுருக்கினால் வெட்டலாமா, இல்லை மருந்து மட்டும்தானா?" இந்த மூன்றில் எது என்பதில்தான் உங்கள் அப்பாவின் கணக்கு தொடங்குகிறது. பதிலை ஆங்காலஜிஸ்ட் மட்டும் சொன்னால் போதாது, கல்லீரல் அறுவையே தொழிலாகச் செய்யும் ஒரு சர்ஜன் அந்த ஸ்கேனைப் பார்க்க வேண்டும். முடியாது என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் முடியும் என்று சொல்லி நான் பார்த்திருக்கிறேன்.

மரபணுப் பரிசோதனை ரிசல்ட் வந்துவிட்டதா?

அரைத்தூக்கம்

இல்லை சிஸ்டர், அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும். பயாப்ஸி ரிப்போர்ட்டில் அடினோகார்சினோமா என்று ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. இது எங்கள் குடும்பத்தில் வருமா என்று பார்க்கும் சோதனையா?

சலைன்ஸ்டாண்ட்

இல்லை, அது வேறு. இது கட்டியின் மரபணுவைப் பார்ப்பது. எடுத்த பயாப்ஸித் துண்டிலேயே பார்க்கலாம், அப்பாவை மறுபடி குத்த வேண்டியதில்லை. பொதுவாகப் பார்ப்பவை கே-ராஸ், என்-ராஸ், பி-ராஃப், எம்.எஸ்.ஐ., ஹெர்-2.

ராஸ் இரண்டிலும் மாற்றம் இல்லாமல், கட்டி இடது பக்கம் இருந்தால், கீமோவோடு செடுக்சிமாப் அல்லது பானிடுமுமாப் சேர்க்கலாம். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ராஸ் மாறியிருக்கும், அவர்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அவர்களுக்கும் வலது பக்கக் கட்டிக்காரர்களுக்கும் பெரும்பாலும் பெவாசிசுமாப். வலது பக்கக் கட்டி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இரண்டும் ஒரே குடல்தான், ஆனால் கருவில் உருவாகும்போதே வேறு வேறு பாகத்திலிருந்து வந்தவை.

எம்.எஸ்.ஐ. என்பது கட்டியின் செல்களில் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் வேலை கெட்டுப்போயிருக்கிறதா என்று காட்டுவது. அது அதிகம் என்று வந்தால் லாட்டரி மாதிரி. பரவிய நிலையில் இருப்பவர்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான் வரும். வந்தால் கீமோவுக்குப் பதில் இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கட்டிக்கு எதிராக ஏவும் சிகிச்சை. பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை இதற்கு முதல் சிகிச்சையாகக் கொடுக்க அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்தது. அந்த மருந்தைச் சோதித்த ஆய்வில் நோய் கட்டுக்குள் இருந்த காலம் கீமோவில் 8.2 மாதம், இதில் 16.5. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது பாதிக்கும் மேல் உயிரோடு இருந்தார்கள். பரவிய குடல் கேன்சரில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியும் என்று நான் வேலைக்குச் சேர்ந்தபோது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எம்.எஸ்.ஐ. அதிகம் என்று வந்தால் மட்டும், நீங்கள் கேட்ட குடும்பக் கேள்வியும் எழும். லிஞ்ச் சிண்ட்ரோம் என்று குடும்பத்தில் வழிவழியாக வரும் கோளாறு ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகப் பார்க்கச் சொல்வார்கள். எப்படி வந்தாலும் நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் கொலனோஸ்கோப்பி பற்றி உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள், அப்பாவுக்கு வந்திருப்பதே அதற்குப் போதுமான காரணம்.

கடைசியாக, டி.பி.டி. என்சைம் சோதனையும் கேளுங்கள். ஃப்ளூரோயூராசிலையும் அதன் மாத்திரை வடிவமான கேப்சிடபினையும் உடைத்து வெளியேற்றும் என்சைம் அது. சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும், அவர்களுக்கு முழு டோஸ் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஐரோப்பிய மருந்து முகமை இந்தச் சோதனையை 2020-இலிருந்து பரிந்துரைக்கிறது.

ஒற்றைநாற்காலி

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் மனைவிக்கு 2018-இல் 4-ஆம் நிலை. வலது பக்கம், பி-ராஃப் மாற்றம் உண்டு. பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவது, அப்போதைய கணக்கில் ஒரு வருடத்தை ஒட்டித்தான் ஆயுள். 14 மாதம் இருந்தாள். அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் என்கொராஃபெனிப், செடுக்சிமாப் ஜோடிக்கு அனுமதி 2020-இல் வந்தது, அவள் போனது 2019. இப்போது அதைக் கீமோவோடு ஆரம்பத்திலேயே கொடுக்கிறார்கள், இடைநிலை ஆயுள் இரட்டிப்பாகி 30 மாதம் என்று வந்திருக்கிறது, படித்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். எங்களுக்கு எல்லாரும் நம்பிக்கை மட்டும் கொடுத்தார்கள். மூன்றாவது மருந்தும் பலிக்காதபோது கூட "இன்னும் ஒன்று இருக்கிறது, பார்க்கலாம்" என்றார்கள். அந்தக் கடைசி மருந்துகள் என்ன தரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அந்தக் கட்டத்தில் மருந்து தருவது வாரங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று மாதம். சிலருக்கு அது வேண்டும். அவளுக்கு வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன், அவள் கடைசி ஆறு வாரத்தில் நாலு வாரம் படுக்கையில், ஊசியோடு, வாய்ப்புண்ணோடு. தங்கை வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போகவில்லை.

வலி தணிப்புச் சிகிச்சைக்காரர்களை எங்களிடம் கடைசி ஒன்பது நாளில்தான் அனுப்பினார்கள். வந்த அன்றே ஒரு டாக்டரம்மா மார்ஃபின் அளவை மாற்றி, மலச்சிக்கலுக்கும் சேர்த்துக் கொடுத்து, அன்றிரவு அவள் ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினாள். ஐந்து மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்று கேட்டேன். "நாங்கள் எப்போதுமே வரத் தயார்தான், கூப்பிட்டால்தான் வருவோம்" என்றார். அந்தப் பிரிவின் பெயரைக் கேட்டாலே சாகப்போகிறவர்களுக்கு என்று நினைத்து நாங்களே ஒருமுறை வேண்டாம் என்று சொல்லியிருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு இது நடக்கும் என்று சொல்லவில்லை அம்மா. இடது பக்கம், கல்லீரலில் மூன்றே மூன்று, எங்களுடையதைவிட நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். ஆனால் அவர்களை முதல் மாதமே கூப்பிட்டு வையுங்கள், கீமோவும் அதுவும் சேர்ந்தே போகலாம்.

சலைன்ஸ்டாண்ட்

சார் சொன்னதில் ஒரு எழுத்தைக் கூட மாற்ற வேண்டியதில்லை. நுரையீரல் கேன்சரில் 2010-இல் ஒரு ஆய்வு வந்தது, ஆரம்பத்திலேயே வலி தணிப்புப் பிரிவையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மனச்சோர்வும் குறைந்தது, ஆயுளும் 8.9 மாதத்திலிருந்து 11.6 ஆனது. அதற்கப்புறமும் நிறையப் பேர் கடைசி வாரத்தில்தான் கூப்பிடுகிறார்கள்.

இயற்கைவழி

கீமோ என்பதே விஷம். சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும். எனக்குத் தெரிந்தவர் மூலிகைப் பொடியிலேயே மூன்று மாதத்தில் குணமானார், டாக்டர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஏழாம்வருஷம்

அவருக்கு எந்த நிலை, எங்கே பரவியிருந்தது, ஸ்கேன் எங்கே? மூன்றும் இருந்தால் போடுங்கள், நானே முதல் ஆளாகப் படிக்கிறேன்.

சலைன்ஸ்டாண்ட்

கீமோ விஷம்தான், அதை யாரும் மறைக்கவில்லை, அளந்து கொடுக்கும் விஷம். சர்க்கரை விஷயத்தில்தான் நான் அழுதிருக்கிறேன். சாப்பாட்டில் நிறுத்தினாலும் உடம்பு தானே சர்க்கரையை உண்டாக்கிக்கொள்ளும், கட்டி பட்டினி கிடக்காது, மனிதர்தான் கிடப்பார். எடையும் தசையும் குறைந்தவர்களால் கீமோ தாங்க முடியாது, டோஸைக் குறைப்போம், தள்ளிப்போடுவோம், அதில் போகிறது வாய்ப்பு.

மூலிகை, வைட்டமின் எது எடுத்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். சத்து மாத்திரைதானே என்று ஃபோலிக் ஆசிட் எடுத்தால் கேப்சிடபினின் பக்கவிளைவு கூடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் கேப்சிடபின் ஆகாது, ரத்தக்கசிவு வரும்.

அரைத்தூக்கம்

எல்லாருக்கும் நன்றி. எழுதி வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "சுருக்கினால் வெட்டலாம், வாய்ப்பு இருக்கிறது" என்றார்! மரபணுச் சோதனை ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார்களாம், எங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அண்ணன்தான் அப்பாவிடம் சொல்லவே கூடாது என்கிறான், தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்று. கீமோ ஏற்றப்போகிறவரிடம் எத்தனை நாள் புண் என்று சொல்ல முடியும்?

ஏழாம்வருஷம்

அவருக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லாத அந்த ஒரு வாரமும் எனக்குத் தெரிந்திருந்தது, நான் அறைக்குள் வந்ததும் பேச்சு நிற்கும், அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தலையணை உறையை மாற்றிக்கொண்டே இருப்பாள். அந்த வாரம்தான் ஏழு வருடத்திலேயே கொடுமையான வாரம். கீமோவைவிட.

ஒற்றைநாற்காலி

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "ரிசல்ட் வந்திருக்கிறது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்" என்று அவரையே கேட்கலாம். சிலர் நோயின் பெயர் போதும் என்பார்கள், சிலர் எண் வரை கேட்பார்கள். கேட்காத எண்ணை நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

அரைத்தூக்கம்

சொல்லிவிட்டோம். நான்தான் கேட்டேன், சார் சொன்ன அதே வார்த்தைகளில். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கேன்சர்தானே? நான் அன்றைக்கே அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் படித்துவிட்டேன். நீங்கள் பயப்படுவீர்களே என்று சும்மா இருந்தேன்" என்றார். அண்ணன் எழுந்து போய்விட்டான்.

முதல் கீமோ அடுத்த செவ்வாய். ஃபோல்ஃபாக்ஸ் (ஃப்ளூரோயூராசிலும் ஆக்சாலிபிளாட்டினும் சேர்ந்தது). என்ன எதிர்பார்க்கலாம்?

ஏழாம்வருஷம்

எனக்கு அதேதான் ஓடியது, பன்னிரண்டு தடவை. நெஞ்சுப்பக்கம் தோலுக்கடியில் மருந்து ஏற்றுவதற்கான போர்ட் வைத்திருப்பார்கள், ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் ஏற்றிவிட்டு, ஃப்ளூரோயூராசிலை மட்டும் ஒரு சின்ன பம்பில் மாட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். எனக்குத் தந்தது மின்சாரமே இல்லாதது, ஒரு பிளாஸ்டிக் புட்டிக்குள் பலூன், 46 மணி நேரத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். தூங்கும்போது குழாய் இழுபட்டுவிடுமோ என்று முதல் இரவு தூங்கவே மாட்டோம், இரண்டாவது தடவையில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறட்டையே விடுவோம். ஒரு பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்.

ஆக்சாலிபிளாட்டின்தான் வில்லன். ஏற்றின முதல் சில நாள் குளிர் ஆகாது. ஃபிரிட்ஜ் கதவின் கைப்பிடியைத் தொட்டாலே விரலில் ஊசி குத்தும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். மூச்சு நின்றுவிடாது, அப்படி ஓர் உணர்வுதான், முன்னாலேயே தெரிந்தால் பயம் வராது. கையுறை வாங்கி ஃபிரிட்ஜ் பக்கத்தில் தொங்க விடு.

இது போய்விடும். ஆனால் ஏழெட்டுத் தடவைக்கு மேல் இன்னொரு மரமரப்பு வரும், அது போகாமல் தங்கும். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று அப்பாவை வாராவாரம் பார்க்கச் சொல். முடியவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரலாம். நான் வீரம் காட்டிக்கொண்டு சொல்லாமல் இருந்தேன், மருந்தை நிறுத்தின பிறகும் இரண்டு மூன்று மாதம் அது கூடிக்கொண்டே போனது, இன்றைக்கும் என் பாதம் பஞ்சின் மேல் நடக்கிற மாதிரிதான்.

சலைன்ஸ்டாண்ட்

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணு குறைந்த நேரத்தில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். ராத்திரி எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று செவ்வாய்க்கிழமையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம் (ஆறு வாரம் கழித்து)

ரிசல்ட்: கே-ராஸ், என்-ராஸ், பி-ராஃப் எதிலும் மாற்றம் இல்லை. எம்.எஸ்.ஐ. சாதாரணம், லாட்டரி விழவில்லை. இரண்டாவது கீமோவிலிருந்து பானிடுமுமாப் சேர்த்தார்கள், இப்போது அப்பா முகம் முழுக்கப் பருப்பருவாக இருக்கிறது, பதினெட்டு வயதில் வராதது இப்போது வந்திருக்கிறது என்று கண்ணாடி பார்த்துச் சிரிக்கிறார்.

ஆனால் சி.இ.ஏ. 84-லிருந்து முதல் கீமோவுக்கப்புறம் 97 ஆகிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லையா?

சலைன்ஸ்டாண்ட்

பயப்படாதீர்கள். ஆரம்பத்தில் செல்கள் உடைந்து கொட்டும்போது சி.இ.ஏ. ஏறி அப்புறம் இறங்குவது சிலருக்கு உண்டு. ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள், போக்கைப் பாருங்கள், ஸ்கேனோடு சேர்த்துப் பாருங்கள். அந்தப் பரு மருந்து தோலில் ஏறியிருப்பதன் அடையாளம், பரு நன்றாக வருபவர்களுக்குப் பலனும் நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். அதற்காக விட்டுவிட வேண்டாம், களிம்பும் டாக்சிசைக்ளினும் தருவார்கள். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம் (பதினாலாவது வாரம்)

ஸ்கேன் வந்தது! பெரியது 4.2-லிருந்து 2.6. இரண்டாவது பாதியாகிவிட்டது. மூன்றாவது தெரியவே இல்லை. சி.இ.ஏ. 11. எல்லாத் துறை டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, குடலையும் கல்லீரலையும் ஆபரேஷன் செய்யலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள், கீமோவிலிருந்து ஒரு மாத இடைவெளி விட்டு. இன்னும் நாலு கீமோ கொடுத்து முழுசாகக் கரைத்துவிட்டே செய்யலாமே என்று அண்ணன் கேட்டான், வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏன்?

சலைன்ஸ்டாண்ட்

வெட்டக்கூடிய அளவுக்கு வந்துவிட்டால் நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். கீமோ கூடக் கூடக் கல்லீரலும் அடிவாங்கும், மிச்சம் வைக்கும் பகுதி வலுவாக இருக்க வேண்டும் இல்லையா. அப்புறம் ஸ்கேனில் மறைந்தது செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, பல நேரம் அங்கே உயிருள்ள செல் ஒளிந்திருக்கும். அது எங்கே இருந்தது என்றே தெரியாமல் போனால் சர்ஜனுக்குத்தான் கஷ்டம். பழைய ஸ்கேன்களைப் பத்திரமாக எடுத்துப் போங்கள்.

கணக்குப்பிள்ளை

இப்போது உங்கள் அப்பா வேறு மூட்டைக்கு மாறிவிட்டார். கல்லீரலை அப்படி வெட்டி எடுத்தவர்களில் ஐந்து வருடம் கடந்தவர்கள் 40 முதல் 50 சதவீதம் வரை என்று வருகிறது, பத்து வருடம் கடந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். கூடவே இதையும் சொல்ல வேண்டும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எங்காவது திரும்பி வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். மேலே ஏழாம்வருஷம் அக்காவுக்கு நுரையீரலில் வந்த மாதிரி, வந்தாலும் மறுபடி வெட்டவோ சுடவோ முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு. கல்லீரல் முழுக்க இருந்து வெட்டவே முடியாது என்றான சிலருக்கு மாற்றுக் கல்லீரலே வைத்துப் பார்த்தார்கள், 2024-இல் வெளியான டிரான்ஸ்மெட் சோதனையில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் கீமோ மட்டும் எடுத்தவர்களில் 12.6 சதவீதம், கீமோவோடு மாற்றுக் கல்லீரலும் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 56.6. மிகவும் சலித்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள், இருந்தாலும் அந்த எண்ணை நான் இரண்டு தடவை படித்தேன்.

அரைத்தூக்கம்

அப்பாவிடம் இந்த எண்களைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், ஆபரேஷனுக்கு எத்தனை நாள் படுத்திருக்கணும், எப்போ வண்டி ஓட்டலாம், அதைக் கேட்டு வா" என்றார். கேட்டு வந்திருக்கிறேன், ஒரு வாரம் பத்து நாள் ஆஸ்பத்திரி, வண்டிக்கு ஆறு வாரம். வேறு என்ன எடுத்துப்போக வேண்டும்?

ஏழாம்வருஷம்

சின்னதாக, கெட்டியாக ஒரு தலையணை. முதல் நாள் இருமல் வரும்போது அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல், தையல் இழுக்காது. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை, தலைவழியே மாட்டுவது வேண்டாம். மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள், திட்டுவார், திட்டட்டும், நடக்க விடு. அப்புறம் சார்ஜர் ஒயர் நீளமானதாக வாங்கு, பிளக் எப்போதும் கட்டிலுக்குப் பின்னால் கைக்கெட்டாத இடத்தில்தான் இருக்கும்.